ஆர்டிஸின் தீர்மானம்

என் மனைவியை நான் நாலு வருடத்துக்கு ஒரு முறைதான் பார்ப்பேன். முன்னாள் மனைவி என்று சொல்ல வேண்டும். பதினோரு வருடமாகியும் அந்த 'முன்னாள்' என் வாயில் சரியாக உட்காரவில்லை. நாட்டுக்கு ஜனாதிபதி தேர்ந்தெடுக்கிற வருடம், பிப்ரவரி மாதத்து முதல் திங்கட்கிழமை, சாயங்காலம் ஏழு மணி, பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்து அரங்கம். அங்கே எழுபது எண்பது பேர் நடுவில் அவளைப் பார்ப்பேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். எனக்கே சில நாள் சிரிப்பு வரும்.

அயோவாவில் அதற்குக் காகஸ் என்று பெயர். மற்ற மாநிலத்துக்காரன் திரைக்குப் பின்னால் போய்ச் சீட்டில் குறி போட்டுவிட்டு வருகிற வேலையை நாங்கள் காலால் செய்கிறோம். கட்சியின் வேட்பாளராக யார் வரவேண்டும் என்று நினைக்கிறோமோ அவர் பெயர் ஒட்டிய மூலையில் போய் நிற்க வேண்டும். ஊரே பார்க்கும். நிற்கிறவர்களில் நூற்றுக்குப் பதினைந்து பேர் இல்லாத மூலை செல்லாது. அந்த மூலைக்காரர்களுக்குக் கால்மணி நேரம் கொடுப்போம். அதற்குள் மற்றவர்கள் அவர்களைச் சூழ்ந்துகொண்டு, கெஞ்சி, கேக் கொடுத்து, பழைய கதையெல்லாம் பேசித் தங்கள் பக்கம் இழுப்பார்கள். அந்தக் கால்மணி நேரத்தில் யாரும் யாரிடமும் போய்ப் பேசலாம். பேசாதிருந்த அண்ணன் தம்பிகூடப் பேசிக்கொள்வார்கள். எனக்கு அந்தக் கால்மணி நேரம்தான் முக்கியம். ஜனாதிபதியாக எவன் வந்தால் என்ன, மக்காச்சோளத்தின் ஈரப்பதம் ஒன்றேதான்.

என் பெயர் மெர்ல் வாவ்ரா. அறுபத்தேழு வயது. கூட்டுறவுத் தானியக் கிடங்கில் லாரிகளை எடை போடுகிறவன். எங்கள் வட்டத்துக்குக் கட்சியின் தலைவராக இருபது வருடம் இருந்துவிட்டேன். பெரிய ஆள் என்பதால் இல்லை. மேலிடத்திலிருந்து வரும் படிவக் கட்டைப் பார்த்ததும் மற்றவர்கள் ஓடிவிடுவார்கள், நான் கொஞ்சம் மெதுவாக ஓடுகிறவன், அவ்வளவுதான்.

ஆர்டிஸ் போன கதையில் சண்டை சச்சரவு எதுவும் கிடையாது. எங்கள் மகள் கோரின் ஆரெகனுக்கு வேலைக்குப் போன அந்த இலையுதிர்காலம். அறுவடை நேரம், வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன், தொலைக்காட்சியில் சந்தை விலை பார்த்தேன். ஆர்டிஸ் சமையலறை வாசலில் நின்று, "என்கிட்ட ஏதாவது பேசணும்னு உனக்குத் தோணுமா மெர்ல்?" என்றாள். "எதைப் பத்தி?" என்றேன். இருபத்தெட்டு வருடக் கல்யாண வாழ்க்கைக்கு நான் சொன்ன கடைசி வார்த்தை அதுதான். அடுத்த வாரம், செத்துப்போன தன் சித்தப்பாவின் வீட்டுக்கு, அவள் வடக்கே ஒன்பது மைல் தள்ளிப் போய்விட்டாள். போனவள் அவள்தானே, வருகிறவளும் அவளாகவே இருக்கட்டும் என்று நான் வீம்பாக உட்கார்ந்துகொண்டேன். வீம்புக்கு எங்கள் குடும்பத்தில் பஞ்சமே கிடையாது.

எண்ணூறு பேர் இருக்கிற ஊரில் ஒருத்தியைப் பார்க்காமல் இருக்க முடியுமா என்று கேட்பீர்கள். தாராளமாக முடியும். அவள் எங்கள் கவுண்டியின், அதாவது மாவட்டத்தின், தலைநகரில் ஒரு முதியோர் இல்லத்தில் இரவு வேலை பார்க்கிறாள். பகலெல்லாம் தூக்கம். மளிகை, டாக்டர், முடிவெட்டு எல்லாம் அங்கேயே. ஞாயிற்றுக்கிழமைகூட என் கத்தோலிக்கக் கோயிலை விட்டு லூத்தரன்காரர்களிடம் போய்விட்டாள். எப்போதாவது நெடுஞ்சாலையில் அவளுடைய பச்சைக் கார் எதிரே வரும். நான் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவேன். இங்கே எல்லாரும் எல்லாருக்கும் தூக்குகிற விரல்தான். அவளும் தூக்குவாள். அந்த ஒரு விரலை வைத்துக்கொண்டு ஒரு மாதம் ஓட்டியிருக்கிறேன்.

வட்டம் மட்டும் ஒரே வட்டம். அதனால் காகஸுக்கு அவள் எங்கள் அரங்கத்துக்குத்தான் வந்தாக வேண்டும்.

வந்தாள். எட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு தடவை, நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு தடவை. இரண்டு தடவையும் வந்து என்ன செய்தாள் தெரியுமா? மூலைகளை எண்ணி முடித்தபிறகு யார் வேண்டுமானாலும் தீர்மானம் கொண்டுவரலாம். ஆர்டிஸ் எழுந்து, காகஸையே ஒழிக்க வேண்டும், எல்லாருக்கும் தபாலில் ஓட்டுச்சீட்டு அனுப்ப வேண்டும் என்று ஒரு தீர்மானம் கொண்டுவந்தாள். காகஸ் போனால் எனக்கு அவள் போனாள். உடனே எழுந்து எதிர்த்துப் பேசினேன். "பக்கத்து வீட்டுக்காரன் மூஞ்சியப் பாத்து நிக்கிறதுதாங்க ஜனநாயகம். அடுப்படியில உக்காந்து தபால் உறைய நாக்குல நக்கி ஒட்டுறது இல்ல." கைதட்டல் கூரையைப் பிளந்தது. கவுண்டிப் பத்திரிகையில் என் படத்தோடு அதைப் போட்டார்கள். முதல் தடவை முப்பத்தொன்றுக்கு ஒன்பது என்று தோற்றாள். இரண்டாம் தடவை இருபதுக்குப் பதினாலு. ஜனநாயகத்தின் காவலன் என்று என்னை ஊரில் கேலியாகவும் நிஜமாகவும் சொல்ல ஆரம்பித்தார்கள். நான் காவல் காத்தது எதை என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

இந்த வருடம் நிலைமை வேறு. மாநிலத் தலைமையே காகஸைக் கைகழுவச் சாக்குத் தேடிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் வட்டங்கள் தீர்மானம் போட்டு அனுப்பினால் முடித்துவிடுவார்கள் என்று பேச்சு. எங்கள் கவுண்டியில் போன தடவையே நாலு வட்டம் அனுப்பியாயிற்று. ஐந்து வந்தால் கவுண்டியே ஆதரிக்கும். அதனால் ஆர்டிஸின் தீர்மானம் இந்தத் தடவை விளையாட்டு இல்லை.

அன்று ஆறு மணிக்கே நான் அரங்கத்தைத் திறந்துவிட்டேன். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே நாலு டிகிரி. ஆட்கள் பூட்ஸைத் தட்டிக்கொண்டு வந்தார்கள். ஓரின் ஸ்டாட் வந்தார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், எனக்கே அல்ஜீப்ரா சொல்லிக்கொடுத்தவர், எண்பத்தைந்து வயது. கையில் வழக்கமான கோப்பு.

"என்ன சார், இந்தத் தடவையும் உங்க தீர்மானமா?"

"பின்ன? மக்கள் போட்ட ஓட்டு ஒருத்தருக்கு, நாற்காலி இன்னொருத்தருக்குன்னா அது என்னப்பா கணக்கு? வயோமிங்காரன் ஒருத்தனோட ஓட்டு கலிஃபோர்னியாக்காரன் மூணு பேருக்குச் சமம். ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்க மாநிலத்துக்கு இத்தனை தேர்வாளர்னு பிரிச்சுக் கொடுத்தா அப்படித்தான் வரும். ஒரு ஆளுக்கு ஒரு ஓட்டு, நேரா எண்ணணும். ஏழாங்கிளாஸ் பையனுக்குப் புரியுது, வாஷிங்டன்ல ஒருத்தனுக்கும் புரியல."

"போன தடவையும் ஒருமனதா நிறைவேத்தினோம் சார்."

"அதுக்கு முந்தின தடவையும். கிணத்துல போட்ட கல்லாட்டம் கெடக்கு. பரவால்ல, போட்டுக்கிட்டே இருக்கேன். என்னைக்காவது கிணறு ரொம்பும்."

ஏழு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது ஆர்டிஸ் வந்தாள். நீலக் கோட்டு. முடியை வெட்டிக் குட்டையாக்கியிருந்தாள். முன்பு சாயம் போடுவாள், இப்போது வெள்ளையாகவே விட்டிருந்தாள். அது அவளுக்கு அவ்வளவு நன்றாக இருந்தது. பதிவு மேசையில் குனிந்து கையெழுத்துப் போட்டாள். நான் மேசைக்கு மறுபக்கம் நின்றேன்.

"சவுக்கியமா ஆர்டிஸ்?"

"இருக்கேன். முழங்கால் எப்படி?"

"அது ஒரு பக்கம் கெடக்கு."

"ம்." பேனாவை வைத்துவிட்டுப் போனாள். என் முழங்கால் வலி அவளுக்கு எப்படித் தெரியும் என்று யோசித்துக்கொண்டே நான் இரண்டு பேருடைய பெயரைத் தப்பாக எழுதினேன்.

மூலைகளுக்குப் போகச் சொன்னோம். எழுபத்துநாலு பேர். நான் முன்னாள் ஆளுநரின் மூலை, இருபத்தேழு பேர். செனட்டர் அம்மாவுக்கு இருபத்தைந்து. தொழிலதிபருக்குப் பதின்மூன்று. ஆர்டிஸ் நின்றது நர்ஸாக இருந்து காங்கிரஸுக்குப் போன ஒரு பெண்மணியின் மூலையில். அங்கே ஒன்பதே பேர். பன்னிரண்டு வேண்டும். செல்லாது.

"கால்மணி நேரம்," என்று ஒலிபெருக்கியில் சொன்னேன்.

விதி என்னவென்றால், செல்லுபடியான மூலையில் நிற்கிறவன் இடம் மாற முடியாது. அவன் போய்ப் பேசலாம், திரும்பித் தன் மூலைக்கு வந்துவிட வேண்டும். மாறவேண்டியது அந்த ஒன்பது பேர்தான். உடனே ஈ மொய்க்கிற மாதிரி மொய்த்தார்கள். டாய்ல் என்று ஒரு பால் வண்டிக்காரன் இருக்கிறான், செனட்டர் அம்மாவின் ஆள். எலுமிச்சை கேக் தட்டை ஆர்டிஸின் மூக்குக்கு நேரே நீட்டினான்.

"ஆர்டிஸ், எங்க பக்கம் வந்துரு. பெண்ணுக்குப் பெண்ணு ஆதரவு. கேக் என் சம்சாரம் பண்ணது, நான் தொடவே இல்ல."

"நீ தொடலைன்னா நல்லாத்தான் இருக்கும்," என்று சொல்லி ஒரு துண்டை எடுத்துக்கொண்டாள். நகரவில்லை.

நான் போக வேண்டும். எட்டு வருடமாக இந்தக் கால்மணி நேரத்துக்காகத்தான் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தேன். முந்தைய இரண்டு தடவையும் அவள் மூலை செல்லுபடியாகிவிட்டது, பேசச் சாக்கே கிடைக்கவில்லை. இதோ இப்போது கிடைத்திருக்கிறது. அரங்கத்தின் நடுக்கோடு வரை போனேன். அங்கேயே நின்றுவிட்டேன். எதைச் சொல்லி ஆரம்பிப்பது? முன்னாள் ஆளுநரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தைப் பற்றியா? கடிகாரத்தைப் பார்க்கிறவன் மாதிரி அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன். அதில் பதினொரு நிமிடம் போயிற்று.

பன்னிரண்டாவது நிமிடம் ஆர்டிஸ் கேக்கைத் தின்று முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு, அரங்கத்தைக் குறுக்கே கடந்து என்னைத் தாண்டி என் மூலைக்குப் போனாள். என் மூலைக்கு. நான் பின்னாலேயே ஓடினேன், முழங்கால் போனால் போகட்டும் என்று. எங்களுக்கு நடுவே ஓரின் சார் மட்டும் நின்றார். முதியோர் இல்லத்துக் கைத்தைலத்தின் வாசனை அவளிடம் அடித்தது. முன்பெல்லாம் அவளிடம் வெங்காய வாசனைதான் இருக்கும்.

"உன் ஆளுக்காக வரல," என்றாள், முன்னால் பார்த்தபடியே. "மத்த ரெண்டும் இதைவிட மோசம்."

"தெரியும்."

"உடனே ஆளுநர் ஜெயிச்சிட்டாருன்னு நெனச்சுக்காத."

"நெனைக்கல."

ஓரின் சார் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "நான் வேணா அந்தப் பக்கம் போய் நிக்கட்டுமா?" என்றார். ஆர்டிஸ் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டுப் பதினோரு வருடமாகிறது. இந்தக் கூட்டம் நாலு வருடத்துக்கு ஒரு தடவை வேண்டாம், வாரம் ஒரு தடவை நடக்கட்டும், நாட்டுக்கு எத்தனை ஜனாதிபதி வேண்டுமானாலும் தேர்ந்தெடுப்போம் என்று தோன்றியது.

எண்ணி முடித்துக் கணக்கை மேலிடத்துக்குச் சொன்னதும் வழக்கம்போல ஆட்கள் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். தீர்மானங்களுக்கு உட்காருகிறவர்கள் எப்போதும் கொஞ்சம் பேர்தான். அன்று இருபத்துமூன்று பேர் மிஞ்சினோம். ஓரின் சாரின் தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றினோம். அவர் நன்றி சொல்லி உட்கார்ந்து கோப்பில் தேதி எழுதினார். அடுத்து ஆர்டிஸ் எழுந்தாள்.

கையில் காகிதம் இல்லை. போன தடவைகளில் எழுதிவைத்துப் படித்தாள்.

"எங்க இல்லத்துல இமோஜீன் ரூட்னு ஒரு அம்மா இருக்காங்க. உங்க பாதிப் பேருக்கு அவங்கதான் நூலகத்துல புஸ்தகம் எடுத்துக் கொடுத்தவங்க. தொண்ணூத்திரெண்டு வயசு, ஓட்டு இன்னும் நம்ம வட்டத்துலதான். எழுபது வருஷமா ஒரு தேர்தல் விட்டதில்ல. இன்னைக்கு நாலு மணிக்கே கோட்டு, தொப்பி, கையுறை எல்லாம் போட்டுக்கிட்டு ஜன்னல் பக்கத்துல உக்காந்துட்டாங்க. ரோட்டுல பனி உறைஞ்சு கெடக்குன்னு வேன் வரல. வந்திருந்தாலும் ரெண்டு மணி நேரம் இங்க நிக்க அவங்களால முடியாது. வழியில எட்டிப் பாத்துட்டு நான் கெளம்பும்போது, 'ஆர்டிஸ், நான் யாருக்குன்னு ஒரு சீட்டுல எழுதித் தரேன், நீ கொண்டுபோய்க் குடுத்துரு'ன்னாங்க. அதை வாங்க மாட்டாங்கன்னு சொல்லிட்டு வந்தேன். அவங்க கோட்டைக் கழட்டல."

ஆர்டிஸ் காலி நாற்காலிகளைக் கையால் காட்டினாள்.

"பெட்ரோல் பங்க்குல வேலை பாக்குற பொண்ணு வரல. பன்னிக்குட்டி போடுற நேரம்னு நாலு பண்ணைக்காரங்க வரல. ராத்திரி ஷிப்டுக்காரங்க ஒருத்தரும் வரல, என்னைத் தவிர. நான் ரெண்டு ஞாயித்துக்கிழமை வேலை பாக்குறேன்னு ஒத்துக்கிட்டு இன்னைக்கு லீவு வாங்கிட்டு வந்திருக்கேன். ஊர்ல எண்ணூறு பேரு, வந்தது எழுபத்திநாலு. அதுல நாமதான் நாட்டுக்கே முதல்ல வழி காட்டுறோமாம். மூஞ்சியப் பாத்து நிக்கிறதுதான் ஜனநாயகம்னு இங்க சொல்வாங்க." அவள் என்னைப் பார்க்கவில்லை. "இமோஜீன் மூஞ்சிய யாரும் பாக்கலியே."

உட்கார்ந்துவிட்டாள்.

டாய்ல் திரும்பினான். "மெர்ல், எடுத்து விடுப்பா உன் பேச்சை."

"என் பேச்சு எல்லாருக்கும் மனப்பாடம்," என்றேன். "தனியா வேற சொல்லணுமா?"

சிரித்தார்கள். கை தூக்கச் சொன்னேன். ஆதரவுக்குப் பதினொன்று. ஓரின் சார் தூக்கியிருந்தார், அதை நான் எதிர்பார்க்கவில்லை. எதிர்ப்புக்குப் பதினொன்று. செயலாளர் பெண் மறுபடி எண்ணினாள். அதே பதினொன்று. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சமமாக வந்தால் தலைவர் ஓட்டு.

டாய்ல் கோட்டின் பொத்தானைப் போட ஆரம்பித்துவிட்டான். என் ஓட்டு எங்கே விழும் என்று அவனுக்குச் சந்தேகமே இல்லை. யாருக்குமே இல்லை. ஆர்டிஸ் தரையில் வரைந்திருந்த கூடைப்பந்துக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்குள்ளே என்ன ஓடியது என்பதை உள்ளபடி சொல்லிவிடுகிறேன். முதலில் வந்தது இமோஜீன் அம்மா இல்லை. இன்னும் நாலு வருடம் கழித்து இதே அரங்கம், இதே நீலக் கோட்டு, எனக்கு எழுபத்தொன்று, ஒருவேளை எங்கள் நடுவே ஓரின் சார்கூட நிற்கமாட்டார் என்பதுதான் வந்தது. அது வேண்டும் என்று அப்படி ஆசைப்பட்டேன், பல்லைக் கடித்துக்கொண்டு ஆசைப்பட்டேன். பிறகுதான் கோட்டும் தொப்பியும் போட்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிற ஒரு கிழவி வந்தாள். எனக்குப் பத்து வயதில் விமானங்களைப் பற்றிய புத்தகத்தைத் தேதி தாண்டியும் வைத்துக்கொள்ள விட்டவள். அவளை அங்கே உட்கார வைத்தது பனியும் வேனும் மட்டும் இல்லை. எட்டு வருடமாகக் கைதட்டு வாங்கிய என் நாக்குக்கும் அதில் பங்கு உண்டு. ஒருத்தியைப் பார்க்க ஆசைப்பட்டு நான் ஊரையே மூலையில் நிறுத்தியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

"தலைவர் ஆதரவு," என்றேன். "தீர்மானம் நிறைவேறியது."

டாய்லின் கை பொத்தானிலேயே நின்றது. "யோவ் மெர்ல், உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கு. போய் வண்டியச் சூடாக்கு."

ஆர்டிஸ் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். எல்லாரும் போனபிறகும் அவள் போகவில்லை. நான் மடக்கு நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அவள் மறுவரிசையிலிருந்து மடக்கிக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"ஏன் மெர்ல்?"

"நீ சொன்னது சரி."

"போன தடவையும் சரியாத்தான் சொன்னேன். அதுக்கு முந்தின தடவையும்."

நாற்காலியைக் கீழே வைத்தேன். இன்றைக்குச் சொல்லாவிட்டால் என்றைக்கு? "இது போயிட்டா உன்னைப் பாக்க எனக்கு வேற வழியில்ல. அதுக்காகத்தான் எதிர்த்தேன். ரெண்டு தடவையும். ஜனநாயகமாவது ஒண்ணாவது."

அவள் கையில் இருந்த நாற்காலி பாதி மடங்கியபடி நின்றது. கோபப்படுவாள் என்று நினைத்தேன். கோபம்தான் பட்டாள், ஆனால் குரலை உயர்த்தவில்லை.

"ஒரு மாநிலத்தையே ஜிம்முல நிக்க வெச்சுப் பாத்தியே. ஒம்பது மைல் வண்டி ஓட்டிட்டு வர முடியலையா உனக்கு?"

அவள் நாற்காலியை முழுக்க மடக்கி என் கையில் கொடுத்தாள். வாசல் வரை போய், கோட்டை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "நாளைக்கு நாலு மணிக்கு மேல வா. அதுக்கு முன்னாடி தூங்கிட்டிருப்பேன்."

மறுநாள் கிடங்கில் நான் எடை போட்ட லாரிகளில் எத்தனை சரியோ எனக்குத் தெரியாது. மூன்றரைக்கு வீட்டுக்கு வந்து சவரம் செய்தேன். சட்டையை இஸ்திரி போட்டேன். இஸ்திரிப் பெட்டியை வெளியே எடுத்துப் பல வருடம் ஆயிற்று, முதலில் வயரில் இருந்த ஒட்டடையைத் துடைக்க வேண்டியிருந்தது. வடக்கே போகிற சாலையில் பனியை ஒதுக்கிவிட்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் வெறும் வயல். வழியெல்லாம் மனசுக்குள் பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். வீட்டுக்கு வரச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை மட்டுமாவது சேர்ந்து சாப்பிடலாமா என்று கேட்க வேண்டும். லூத்தரன் கோயிலுக்குக்கூடப் போகத் தயார், பாட்டுத்தான் மோசமாக இருக்கும்.

கதவைத் திறந்தவள் தூக்கம் கலையாத முகத்தோடு இருந்தாள். "வா," என்றாள். உள்ளே கூடத்தில் சோபா இல்லை. சுவரில் படங்கள் இல்லை, ஆணிகள் மட்டும் இருந்தன. தரையெல்லாம் அட்டைப் பெட்டிகள்.

"இதைச் சொல்லத்தான் வரச் சொன்னேன்," என்றாள். "வீட்டை வித்துட்டேன். மார்ச் நாலாம் தேதி கோரின் வந்து கூட்டிட்டுப் போறா. ஆரெகன்லயே இருக்கப் போறேன். அவளுக்கு ரெண்டாவது குழந்தை வருது."

நான் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. "போறதுன்னு முடிவு பண்ணிட்டு, அந்தத் தீர்மானம் எதுக்கு? அங்க எல்லாம் தபால்லதானே ஓட்டு."

"நான் போறேன். இமோஜீன் எங்கயும் போகலியே."

இந்த மனுஷி இப்படித்தான் என்று எனக்கு எப்போதும் தெரியும். பக்கத்தில் இருந்தபோது தெரிந்த மாதிரி நடந்துகொள்ளவில்லை, அவ்வளவுதான். வழியில் ஒத்திகை பார்த்த பேச்சு ஒன்றும் இப்போது உதவாது. வாயில் வந்தது ஒன்றே ஒன்று.

"போகாத, ஆர்டிஸ்."

"சாமான் பாதி போயாச்சு. வீடு வாங்கினவங்க அஞ்சாந்தேதி வர்றாங்க."

"தெரியுது. நீ போவேன்னும் தெரியுது. இருந்தாலும் சொல்றேன்."

அவள் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். இருட்டாகத் தொடங்கியிருந்தது. விளக்கைப் போட யாரும் எழவில்லை.

"இன்னொரு தடவை சொல்லு," என்றாள்.

"போகாத, ஆர்டிஸ். நீ இல்லாம எனக்கு ஒண்ணுமே நல்லா இல்ல."

கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவில்லை. நானும் துடைத்துக்கொள்ளவில்லை. வெளியே ஒரு லாரி போயிற்று.

"சரி," என்று கண்ணைத் திறந்தாள். "கேட்டுக்கிட்டேன் மெர்ல். இத்தனை வருஷம் கழிச்சாவது கேட்டுக்கிட்டேன். இப்ப கோட்டைக் கழட்டிட்டு அந்த டேப்பை எடு. தட்டு எல்லாம் உடையாமப் போகணும்."

எடுத்தேன். அவள் தட்டுகளைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுக்கக் கொடுக்க, நான் பெட்டியில் அடுக்கி வாயை ஒட்டினேன். ஏழு மணிக்கு அவள் வேலைக்குக் கிளம்பினாள். மறுநாளும் நாலு மணிக்குப் போனேன். மார்ச் நாலாம் தேதி வரைக்கும் ஒருநாள் தவறாமல் போனேன். எல்லாவற்றையும் ஒழுங்காகக் கட்டினோம். ஒரு தட்டுகூட உடையவில்லை என்று கோரின் பிறகு தொலைபேசியில் சொன்னாள்.